எண்ணிக்கைக்குள் வந்தவர்களும் வராதவர்களும்: மவுண்ட்ரோடு நெரிசல் கணிப்பின் வரலாறு

'இன்னிக்கு மவுண்ட்ரோட்ல செம டிராபிக்' என்று சொல்வதற்கும் 'இன்னிக்குச் செம மழை' என்று சொல்வதற்கும் நம்முடைய பேச்சில் வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. இரண்டுமே நம் கையில் இல்லாத சமாச்சாரங்கள், வரும், போகும், நம்மால் ஆகக்கூடியது கொஞ்சம் முன்னாடியே கிளம்புவது மட்டுந்தான் என்கிற தொனி. மழைக்கு நுங்கம்பாக்கத்தில் வானிலை மையம் இருக்கிறது. நெரிசலுக்குக் கைபேசித் திரையில் சிவப்புக்கோடு இருக்கிறது. மனிதர்கள் உண்டாக்கிய ஒன்று இப்படி இயற்கையின் வேஷம் கட்டிக்கொண்டு நிற்கும்போது, அதற்குப் பின்னால் ஏதோ ஒரு வரலாறு மறைந்து கிடக்கிறது என்று சந்தேகப்படுவதுதான் முறை. நெரிசலை முன்கூட்டியே சொல்லும் இந்த அறிவு எங்கே பிறந்தது? யாருடைய தேவைக்காகப் பிறந்தது? எதையெல்லாம் எண்ணியது, எதையெல்லாம் எண்ண மறுத்தது?

தமிழில் சாலையைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டே ரகம். ஒருவர் பொறியியல்காரர்: 'வாகனப் பெருக்கத்துக்கு ஏற்பச் சாலை விரிவாகவில்லை' என்பதோடு அவர் முடித்துக்கொள்வார். இன்னொருவர் பழைய மெட்ராஸ் பிரியர்: டிராம் ஓடியதையும் மரநிழல் இருந்ததையும் சொல்லிப் பெருமூச்சு விடுவார். அந்த மரநிழலில் யார் நடந்தார்கள், யார் ரிக்‌ஷா இழுத்தார்கள் என்று இவர் கேட்பதில்லை. 'வாகனம்' என்று எதை எதைச் சேர்த்து எண்ணினீர்கள் என்று அவரும் சொல்வதில்லை. இலக்கியம் படித்தவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்கலாம். ஒரு அட்டவணையும் பிரதிதான். அதையும் வாசிக்கத்தான் வேண்டும்.

அண்ணாசாலை, பழைய மவுண்ட்ரோடு, ஏறத்தாழ 15 கிலோமீட்டர். கோட்டைப் பக்கம் ஆரம்பித்துப் பரங்கிமலைப் பக்கம் முடிகிறது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், சைதாப்பேட்டை என்று பழைய ஊர்களின் உள்ளே நுழைந்து அவற்றைக் கோத்துக்கொண்டு வளர்ந்த பாதையல்ல இது. பெரும்பாலும் ஓரத்தை உரசிக்கொண்டு போவது. அடையாற்றின் குறுக்கே 1726இல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்கிற ஆர்மீனிய வணிகர். மலைக்கோயிலுக்குப் போகும் யாத்ரீகர்களை மனதில் வைத்துச் செய்த தர்மகாரியம். பின்னால் மலையடிவாரத்தில் பட்டாளம் வந்து குந்திக்கொண்டது, பீரங்கிப்படையின் தலைமையிடமே அங்கே என்று ஆயிற்று. யாத்ரீகர் பாதை பட்டாளத்துச் சாலையானது. கோட்டையிலிருந்து பாளையத்துக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச்சேரலாம் என்பதே இந்தச் சாலையிடம் கேட்கப்பட்ட கேள்வி. இருபுறமும் இருக்கிறவர்களுக்கு இந்தச் சாலை என்ன செய்யும் என்பது அப்போதும் கேள்வியாக இல்லை.

1895இல் மெட்ராசுக்கு மின்சார டிராம் வந்தது. கல்கத்தாவில் அப்போது குதிரைதான் டிராமை இழுத்துக்கொண்டிருந்தது. குமாஸ்தாக்கள், அச்சுக்கூடத் தொழிலாளிகள், கூடைக்காரிகள் என்று நகரத்தின் கீழ்நடுத்தர, உழைக்கும் கூட்டத்தைச் சுமந்த டிராமைக் கம்பெனி நஷ்டக்கணக்குக் காட்டி 1953இல் நிறுத்திவிட்டது. தண்டவாளம் பெயர்க்கப்பட்ட இடத்தில் ரப்பர் டயர்கள் ஓடின. நம் கதைக்கு இந்த 1953 முக்கியமான வருஷம். ஏனென்றால் அதே வருஷம், பூமியின் அந்தப்பக்கம் டெட்ராய்ட் நகரத்தில், வருங்கால நெரிசலைக் கணக்குப் போட்டுச் சொல்லும் காரியம் பெரிய அளவில் ஆரம்பித்தது.

அதுவரை நெரிசல் என்பது போலீஸ் விவகாரம். இன்றைக்கு இடைஞ்சல் செய்கிறவனை இன்றைக்கு விரட்டுவது. நாளையைப் பற்றிக் கவலை கிடையாது. 1888ஆம் வருஷத்து மெட்ராஸ் நகரப் போலீஸ் சட்டம் கூட்டத்தையும் ஊர்வலத்தையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கமிஷனர் கையில் கொடுத்தது. அதன் 41ஆம் பிரிவை இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் பலர் நேரடியாகவே அறிவார்கள். இதற்குப் பிறகு வருகிறேன்.

*

நெரிசலுக்கு முதன்முதலில் கணித உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்கர். 1930களின் நடுவில் ஒஹையோ மாநிலத்துச் சாலையோரம் ஒரு சினிமா கேமராவை வைத்து, போகிற கார்களைப் படம் பிடித்தார். ஒரு மைல் தூரத்தில் எத்தனை கார், ஒவ்வொன்றும் என்ன வேகம் என்று அளந்தார். கார்கள் நெருங்க நெருங்க வேகம் நேர்கோட்டில் குறைகிறது என்றார். நெருக்கத்தையும் வேகத்தையும் பெருக்கினால் ஒரு மணிநேரத்தில் கடக்கும் கார்களின் எண்ணிக்கை வரும். அது முதலில் ஏறும், ஒரு உச்சியைத் தொடும், அதற்குப்பின் இன்னொரு கார் நுழைந்தால் மொத்தமே குறைய ஆரம்பிக்கும். இந்த உச்சிக்குத்தான் 'கொள்ளளவு' என்று பேர். விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில புள்ளிகளை வைத்து வரைந்த கோடு அது. ஆனால் அதற்குள் இருக்கிற ஊகங்களைக் கவனியுங்கள். எல்லா வண்டியும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒன்றின் பின்னால் ஒன்றாக வரிசையில் போகும். எல்லோருக்கும் வேகமாகப் போகவேண்டும் என்பது ஒன்றே விருப்பம். யாரும் நடுவில் நின்று சொந்தக்காரரிடம் குசலம் விசாரிக்க மாட்டார்கள், பூ வாங்க மாட்டார்கள், கைவண்டியைத் திருப்ப மாட்டார்கள்.

நம் ஊரின் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் தொடங்கப்பட்டதும் 1934இல்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் பின்னால் இவை சந்தித்துக்கொண்டன.

டெட்ராய்ட் ஆய்வை நடத்திய டக்ளஸ் கேரல், 1955இல் சிக்காகோவுக்குப் போய் இன்னும் பெரிய ஆய்வை ஆரம்பித்தார். 1980இல் சிக்காகோ எப்படியிருக்கும், எத்தனை பயணம், எந்தச் சாலையில் எவ்வளவு நெரிசல் என்று கால்நூற்றாண்டு தள்ளிச் சொல்லும் முயற்சி. முறை இதுதான். முதலில் நகரத்தை வட்டம் வட்டமாகப் பிரி. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் எத்தனை பயணம் கிளம்பும் என்று வீட்டுக்கணக்கெடுப்பிலிருந்து ஊகி. அந்தப் பயணங்கள் எங்கெங்கே போய் விழும் என்பதற்கு நியூட்டனைக் கூப்பிடு: பெரிய வட்டம் அதிகம் இழுக்கும், தூரம் கூடினால் இழுப்பு குறையும். பிறகு யார் காரில், யார் பஸ்ஸில் என்று பிரி. கடைசியாகச் சாலைகளில் ஊற்று. நான்கு படிகள். உலகம் முழுக்க இன்றைக்கும் நகரத் திட்டக்காரர்களின் நித்திய அனுஷ்டானம் இதுதான்.

கிளம்பும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் நடுவில் வரையும் நேர்கோட்டுக்கு அந்தப் பொறியியல்காரர்கள் வைத்த பெயர் 'ஆசைக்கோடு'. சிக்காகோவில் கார்ட்டோகிராஃபட்ரான் என்று ஒரு யந்திரமே செய்தார்கள். ஒவ்வொரு பயணத்தையும் திரையில் ஒளிக்கோடாக இழுத்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படம்பிடித்தது அது. லட்சக்கணக்கான ஆசைகள் மையத்தில் குவிந்து வெள்ளையாக எரியும் அந்தப் படங்கள் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆசைக்கோடு ஆறு, சேரி, பள்ளிக்கூடம் எதையும் பார்க்காது; குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். வேலைக்குப் போகிறவனின் நிர்ப்பந்தமும் அதற்கு ஆசைதான். பஸ் இல்லாததால் கார் வாங்கினவனின் கார்ப்பயணமும் அதற்கு ஆசைதான்.

1956இல் அமெரிக்காவில் 41,000 மைல் நெடுஞ்சாலைக்குச் சட்டம் வந்தது, செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு மத்திய அரசினுடையது. கணிப்பு 'இவ்வளவு கார் வரும்' என்றது, சாலை அதற்கேற்ப அகலமாகப் போடப்பட்டது, கார் வந்தது, கணிப்பு பலித்தது. டெட்ராய்டில் கறுப்பின மக்களின் கடைவீதியாகவும் இசைவீதியாகவும் இருந்த ஹேஸ்டிங்ஸ் தெரு கிறைஸ்லர் பெருஞ்சாலைக்கு அடியில் போய்ச்சேர்ந்தது. அவர்கள் குடியிருந்த பிளாக் பாட்டம் பகுதி தரைமட்டமானது. கணிப்பு வந்ததால்தான் இடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இடிக்கும் எண்ணம் அதற்கு முன்னாடியே இருந்தது. இடிப்பதற்கு ஒரு எண்ணை, நடுநிலையான, யார்மேலும் பகையில்லாத ஒரு எண்ணைக் கொடுத்தது கணிப்பு. வெறுப்பு பேசவேண்டிய இடத்தில் எண் பேசியது.

ஃபூக்கோ தன் 1978 விரிவுரைகளில் பிரான்சின் நாந்த் நகரத் தெருக்களைப் பற்றிப் பேசுகிறார். நல்ல புழக்கத்தைக் கூட்டு, கெட்ட புழக்கத்தைக் குறை என்பது அங்கே ஆட்சியின் கலையாகிறது. நம் ஆட்கள் ஃபூக்கோ என்றால் சிறை, பைத்தியம் என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தெருவுக்கு அவர் வந்ததைக் கவனிக்கவில்லை.

*

இந்த அறிவு மெட்ராசுக்கு வந்துசேர்ந்தது 1968க்கும் 1974க்கும் இடையில் நடந்த சென்னைப் பகுதிப் போக்குவரத்து ஆய்வின் வழியாக. அந்த ஆய்வு 1970ஆம் வருஷத்துக்குக் கொடுத்த கணக்கைப் பாருங்கள். நூறு பயணத்தில் 41.5 பஸ்ஸில். நடை 21. சைக்கிள் 20. ரயில் 11.5. காரும் டாக்சியும் சேர்த்து 3.2. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் வகையறா 1.7. அதாவது நகரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பயணங்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் சைக்கிளிலும் காலிலும் நடந்தன. மக்கள்தொகைக் கணக்குப்படி இது ஒரு நடைபாதை நகரம், சைக்கிள் நகரம், பஸ் நகரம். இதே காலத்தில், 1973இல், ஜெமினி மேம்பாலம் திறக்கப்பட்டது. நகரத்தின் முதல் மேம்பாலம். மேம்பாலத்தின்மேல் நடக்க முடியாது, பஸ் ஏறும் ஆனால் நடுவில் நின்று ஆளை ஏற்றாது, சைக்கிள்காரன் மூச்சுவாங்கி மிதிக்கவேண்டும். 3.2க்காக 100 பேர் சேர்ந்து கட்டிய பாலம் என்று சொன்னால் ரொம்ப மிகையாகாது. பஸ்ஸுக்கும் சிக்னல் மிச்சமாயிற்றே என்று ஒருவர் மடக்கலாம். ஆயிற்று, சரி.

அதே 1973இல்தான் மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷாவைக் கலைஞர் அரசு ஒழித்தது. இதை நான் குறை சொல்ல வரவில்லை. திராவிட இயக்கத்தின் கெளரவமான காரியங்களில் அது ஒன்று, சுயமரியாதை என்ற சொல்லுக்குத் தெருவில் அர்த்தம் கிடைத்த நாள். இருந்தாலும் ஒரே ஆட்சி, ஒரே வருஷம், ஒரே நகரம்: கீழே மனித உடம்பால் ஓடிய வண்டி போகிறது, மேலே மோட்டார் மட்டும் சுகமாக ஓடக்கூடிய தளம் வருகிறது. சுயமரியாதையும் வேகமும் ஒரே முன்னேற்றக் கதையாடலின் இரண்டு அத்தியாயங்களாக வாசிக்கப்பட்டன. அந்தக் கதையாடலுக்குள் ரிக்‌ஷாக்காரரின் விடுதலைக்கு இடமிருந்தது. அவர் நடந்துபோவதற்குப் பிளாட்பாரம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

இப்போது நான் சொன்ன அட்டவணைக்கு வருவோம். வெவ்வேறு வண்டிகளை ஒரே கணக்கில் கூட்டுவதற்கு ஒரு பொது அலகு வேண்டுமல்லவா? அதற்குப் பி.சி.யு. என்று பேர், பயணியர் கார் அலகு. கார் என்றால் ஒன்று. மற்றதெல்லாம் காருக்கு எத்தனை மடங்கு என்று அளக்கப்படும். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990இல் நகரச் சாலைகளுக்குக் கொடுத்த வழிகாட்டியின்படி, சைக்கிள் 0.4 முதல் 0.5. மோட்டார் இருசக்கர வண்டி 0.5 முதல் 0.75. ஆட்டோ 1.2 முதல் 2. பஸ்ஸும் லாரியும் 2.2 முதல் 3.7. சைக்கிள் ரிக்‌ஷா 1.5 முதல் 2. கைவண்டி 2 முதல் 3. மீன்பாடி வண்டிக்குத் தனி வரி கிடையாது. நடக்கிறவர்? அவர் அலகே இல்லை. அவர் சாலையின் பொருளல்ல, சாலைக்கு 'பக்க உராய்வு'.

சும்மா ஒரு கணக்குப் போடலாம். 60 பேரை ஏற்றிய பஸ் 3.7 அலகு. ஒரு அலகுக்கு 16 பேர். காரில் இரண்டு பேர் இருந்தால் ஒரு அலகுக்கு இரண்டு பேர். ஆனால் கணிப்பு ஆட்களைக் கூட்டுவதில்லை, அலகுகளைத்தான் கூட்டுகிறது. சாலையில் ஒரு மணிநேரத்தில் இத்தனை பி.சி.யு., கொள்ளளவு இவ்வளவு, ஆகவே 2000ஆம் வருஷத்தில் நெரிசல் என்று முடிக்கிறது. அந்த மொழியில் பஸ் என்பது கிட்டத்தட்ட நான்கு கார் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் பூதம். கைவண்டிக்காரர் மூன்று கார் இடத்தைப் 'பறிக்கிறவர்'. மூட்டையோடு கைவண்டி இழுத்துக்கொண்டு வரும் ஒரு மனிதரை மூன்று கார்களாகப் பார்க்கும் கண்ணுக்கு, அவரை அப்புறப்படுத்தினால் மூன்று கார் போகலாம் என்றுதானே தோன்றும்? ஊரில் யார் யாருக்குச் சமம் என்பதைத் தீர்மானிக்கிற பிரமாணத்துக்குப் பழைய நாளில் வேறு பேர் இருந்தது. இந்த அட்டவணையிலும் ஒரு முதல் வர்ணம் இருக்கிறது. அதன் மதிப்பு எப்போதும் 1.0. மற்றவர்களின் மதிப்பு அதைப் பார்த்துத்தான்.

பொறியியல்காரர்களே இதில் உள்ள கோணலைப் பின்னால் உணர்ந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஒஹையோக் கோட்டை மவுண்ட்ரோட்டில் வரைய முடியாது. இங்கே தடம் என்று ஒன்று இல்லை, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் ஸ்கூட்டர் நுழைகிறது, சிக்னலில் எல்லாச் சின்ன வண்டிகளும் முன்னால் வந்து முக்கோணமாக நிற்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யிலும் மற்ற இடங்களிலும் இந்தத் தடமற்ற கலப்பு ஓட்டத்தை அதன் சொந்த விதிகளில் படிக்க முயன்றார்கள். 2017 வாக்கில் இந்தியாவுக்கென்று தனிக் கொள்ளளவுக் கையேடு தயாரானது. பி.சி.யு. நிலையான எண் அல்ல, ஓட்டத்தைப் பொறுத்து மாறும் என்றெல்லாம் திருத்தினார்கள். ஆனாலும் அலகின் பெயர் மாறவில்லை. ஒழுங்கற்றது என்று நாம் ஏசிக்கொண்டிருந்த ஓட்டம் ஒழுங்கில்லாதது அல்ல, வேறு ஒழுங்கு என்பதை இலக்கியக்காரர்களுக்கு முன்னால் பொறியியல்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது நமக்குக் கொஞ்சம் வெட்கந்தான்.

*

கணிப்பு சாலைக்கு என்ன செய்தது? 1964இல் அமெரிக்கப் பொதுச்சாலைகள் அலுவலகம் ஒரு சூத்திரம் கொடுத்தது. சாலை தன் கொள்ளளவை எட்டும்போது பயணநேரம் நூற்றுக்குப் பதினைந்து கூடும். அதற்கு மேலே போனால் நான்காம் படியில் ஏறும். கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு வண்டி என்றால் பத்து நிமிஷப் பயணம் 34 நிமிஷம். இந்தச் சூத்திரத்தைப் பார்த்தவுடன் எவருக்கும் தோன்றுவது கொள்ளளவைக் கூட்டு என்பது. ஆனால் 1962இலேயே அந்தோனி டவுன்ஸ் என்ற பொருளாதாரக்காரர் எச்சரித்திருந்தார்: பெருஞ்சாலையை அகலப்படுத்தினால் வேறு நேரத்தில் போனவன், வேறு வழியில் போனவன், பஸ்ஸில் போனவன் எல்லோரும் அங்கே வந்து சேருவார்கள், உச்சநேர நெரிசல் பழைய நிலைக்கே திரும்பும். 1968இல் டீட்ரிஷ் பிரெஸ் என்ற ஜெர்மன் கணிதர், ஒரு புதுச் சாலையைச் சேர்ப்பதாலேயே எல்லோருடைய பயணநேரமும் கூடக்கூடும் என்று காகிதத்தில் நிரூபித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லண்டனைச் சுற்றி எம்-25 சாலை 1986இல் முடிந்து, கணித்ததைவிட வேகமாக நிரம்பிவழிந்து, 1994இல் பிரிட்டிஷ் அரசின் ஆலோசனைக்குழுவே 'ஆமாம், சாலை போக்குவரத்தைப் பெற்றெடுக்கிறது' என்று ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

இங்கே தடம் மாறவில்லை. 1990களின் கடைசியில் சென்னையில் வரிசையாக மேம்பாலங்கள் எழும்பின. 2001 ஜூன் 30 விடியற்காலையில் முன்னாள் முதல்வர் கருணாநிதி கைதுசெய்யப்பட்டது மேம்பால ஊழல் வழக்கில்தான். அந்த வழக்கு தண்டனையில் முடியவில்லை. ஊழல் உண்டா இல்லையா என்று தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. மேம்பாலம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு தரப்பும் பேசவில்லை. அது எல்லாக் கட்சிகளுக்கும் பொதுச்சொத்தான கருத்தியல். 2008இல் கத்திபாராவில் பூவிதழ் மாதிரிப் பாலம் திறந்தார்கள். அந்த வருஷத்தை ஒட்டி எடுத்த கணக்கில் பஸ் 26, நடை 28, இருசக்கர மோட்டார் 25, சைக்கிள் 6, கார் 6 என்று இருக்கிறது. 35 வருஷ மேம்பால யுகத்துக்குப் பிறகும் காரில் போகிறவர் நூற்றுக்கு ஆறு. சைக்கிள்தான் செத்தது. பஸ் தேய்ந்தது. பஸ்ஸை நம்பமுடியாமல் இருபது வருஷத் தவணையில் ஒரு தலைமுறையே பைக் வாங்கியது.

ரயில் பக்கம் கணிப்பு எதிர்த்திசையில் தப்பியது. பறக்கும் ரயில் 1995இல் ஓட ஆரம்பித்தது, எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. மெட்ரோ 2015இல் வந்தது, அண்ணாசாலைக்கு அடியில் 2018, 2019இல் முழுமையாயிற்று, அங்கேயும் ஆரம்ப வருஷங்களில் திட்ட அறிக்கை சொன்னதற்கு வெகு கீழே. பென்ட் ஃபிளிவ்பியா என்ற டென்மார்க் ஆய்வாளரும் கூட்டாளிகளும் 14 நாடுகளின் 210 திட்டங்களைப் பரிசோதித்து 2005இல் எழுதியது ஞாபகம் வருகிறது. ரயில் திட்டங்களில் பத்துக்கு ஒன்பதில் பயணிகள் எண்ணிக்கை ஊதிப் பெருக்கப்பட்டிருந்தது. சாலைகளில் பாதித் திட்டங்களின் கணிப்பு நூற்றுக்கு இருபதுக்கு மேல் இந்தப்பக்கமோ அந்தப்பக்கமோ பிசகியது. கணிப்பு என்பது வருங்காலத்தைப் பார்ப்பதைவிட நிகழ்காலத்தில் ஒரு கையெழுத்து வாங்குவதற்கான கருவி என்று எடுத்துக்கொண்டால் இந்தப் பிசகுகள் பிசகே இல்லை. வாங்கவேண்டிய கையெழுத்தை அவை வாங்கிவிட்டன.

மவுண்ட்ரோட்டின் கணிப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. 2000த்திலிருந்து கண்ணகி நகர், அதன்பின் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தை ஒட்டி அடுக்குமாடி கட்டி, கூவத்தின் கரையிலும் மற்ற நீர்க்கரைகளிலும் குடியிருந்தவர்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். சிந்தாதிரிப்பேட்டையிலும் ஆயிரம்விளக்கிலும் பத்து நிமிஷம் நடந்து வேலைக்குப் போன பெண்கள், அதே வீடுகளில் அதே பாத்திரம் கழுவ இருபது கிலோமீட்டர் அளவுக்குப் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வரவேண்டியதாயிற்று. நடந்தபோது அவர்கள் எண்ணிக்கையில் 'பக்க உராய்வு'. வெளியேற்றப்பட்டபிறகு எண்ணிக்கைக்குள் வந்துவிட்டார்கள்: 'தென்புறநகரிலிருந்து மையத்துக்குப் பயணத்தேவை உயர்வு'. அந்த உயர்வைச் சமாளிக்க இன்னொரு பாலம், பாலத்துக்கு இடம் வேண்டும், இடத்தில் இன்னொரு குடிசைப்பகுதி. அரசு ஒரு கையால் உண்டாக்கிய பயணத்தை இன்னொரு கையால் இயற்கை வளர்ச்சி என்று கணிக்கிறது. அந்தப் பெண்ணின் பயணத்தையும் திரையில் கோடாக இழுத்தால் அதற்கும் ஆசைக்கோடு என்றுதான் பேர்.

போலீஸ் சட்டத்துக்கு வருகிறேன் என்றேன். 41ஆம் பிரிவின்கீழ் ஊர்வலத்துக்கு அனுமதி மறுக்கும்போது திரும்பத்திரும்ப வரும் காரணம் 'போக்குவரத்துக்கு இடையூறு'. இங்கேயும் வேலை செய்வது கணிப்புதான்: நீங்கள் வந்தால் இத்தனை மணிக்கு இவ்வளவு நெரிசல் ஆகும். ஆனால் அண்ணா இறந்த 1969 பிப்ரவரியில் ராஜாஜி மண்டபத்தைச் சுற்றி நிரம்பி நின்ற ஜனங்களை எந்தப் பி.சி.யு.வில் அளப்பது? கணிப்பின் பாஷையில் அந்த நாள் ஒரு விலகல் புள்ளி, தரவிலிருந்து நீக்கிவிடவேண்டியது. அந்தச் சாலைக்கு அவர் பெயரை வைத்துக்கொண்டு அந்த நாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

*

இருபது வருஷம் தள்ளிச் சொல்லும் கணிப்பு ஒருபுறம் இருக்க, இருபது நிமிஷம் தள்ளிச் சொல்லும் கணிப்பு இன்னொரு குலம். 1970களின் கடைசியிலேயே அமெரிக்கப் பெருஞ்சாலைகளில் காலவரிசைக் கணக்கு முறையில் அடுத்த சில நிமிஷங்களின் ஓட்டத்தைச் சொல்லிப் பார்த்தார்கள். அடிப்படை எளியது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி போன திங்கட்கிழமை ஒன்பது மணியைப்போல இருக்கும், அதைவிட எட்டே முக்கால் மணியைப்போல இருக்கும். பின்னால் நரம்பு வலையமைப்பு, ஆழக்கற்றல் என்று இயந்திரங்கள் பெருத்தன. சாலையில் புதைத்த கம்பிச்சுருளுக்குப் பதில் நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியே உளவாளியாயிற்று. கைபேசி எத்தனை, எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று பார்த்துக் கோட்டுக்குச் சிவப்படிக்கிறது கூகுள். இருசக்கர வண்டிக்குத் தனி வழிகாட்டலை அந்தக் கம்பெனி இந்தியாவில் கொண்டுவந்தது 2017 டிசம்பரில்தான். அதுவரை பைக்காரரும் அதன் பாஷையில் ஒரு மாதிரிக் காரே.

இந்தக் குலத்தின் சிக்கல் வேறு. மழை வரும் என்று சொன்னால் மழை கேட்டுக்கொண்டு வராமல் போகாது. அண்ணாசாலையில் நெரிசல் என்று எல்லோருக்கும் ஒரேநேரத்தில் சொன்னால் எல்லோரும் ராயப்பேட்டைச் சந்துகளில் நுழைவார்கள். அண்ணாசாலை காலியாகும், கணிப்பு பொய்க்கும், சந்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் திண்ணையேறுவார்கள். சந்தில் குடியிருப்பவர் யாரும் அந்த வழியை யாருக்கும் சொல்லவில்லை.

2014இல் சென்னை மாநகராட்சி மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது, நடைபாதைகள் சில இடங்களில் அகலமாயின, பாண்டிபஜாரில் 2019இல் நடைவளாகம் வந்தது. கடைக்கு வந்தவர் நடக்கலாம், ஓரத்தில் கடைபோட்டவர் எங்கே என்று கேட்கக்கூடாது. 2024இல் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டைவரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள உயர்மட்டச் சாலைக்கு வேலை தொடங்கினார்கள். அடியில் மெட்ரோ சுரங்கம், அதை நசுக்காமல் மேலே தூண். பயணிகளைக் கீழே இழுக்க ஒரு கணிப்பு, வண்டிகளை மேலே ஏற்ற ஒரு கணிப்பு, ஒரே சாலையில் ஒன்றின் தலைமேல் ஒன்று.

2020 பிப்ரவரியில் சைமன் வெக்கெர்ட் என்ற ஜெர்மன் கலைஞர் பெர்லினில் ஒரு காரியத்தை வெளியிட்டார். பழைய 99 கைபேசிகளை ஒரு சின்னக் கைவண்டியில் போட்டு, அதை இழுத்துக்கொண்டு காலித் தெருக்களில் நடந்தார். கூகுள் வரைபடம் அந்தத் தெருக்களுக்குச் சிவப்படித்தது. நம் ஊர் அட்டவணையில் கைவண்டி மூன்று கார். பெர்லினில் அது தொண்ணூற்றொன்பது கார்.